கூரையளவு வெயில்

பட்டணத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. பொத்தானைத் தட்டினால் விளக்கு எரியும். எரியாவிட்டால் யாரையேனும் திட்டிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் ஒரு சீட்டு வரும். அதில் இத்தனை ‘யூனிட்’ என்று போட்டிருக்கும். அவற்றுள் விளக்குக்கு எத்தனை, ஃபிரிட்ஜுக்கு எத்தனை, ஆளில்லாத அறையில் வீணே சுழன்ற விசிறிக்கு எத்தனை என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் நேர்வதில்லை.

அந்த அவசியம், சுவர் இல்லாத இடத்தில் குடியேறும்போது வந்துவிடுகிறது. வண்டியிலோ படகிலோ வாழ நினைப்பவனுக்குக் கூரையில் விழுகிற வெயிலே வரவு. கூரைக்கு அடியில் நடக்கிற வாழ்க்கையே செலவு. வரவுக்கு எல்லை உண்டு. ஏனெனில் கூரைக்கு எல்லை உண்டு. மலராசிரியர் என்னிடம் ‘விஞ்ஞானக் கட்டுரை’ ஒன்று கேட்டபோது, குவாண்டம் கொள்கையைப் பற்றி எழுதி நண்பர்களைத் தூங்கவைப்பதைவிட, எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கையே தீர்த்துவைத்த இந்தக் கூரைக் கணக்கை எழுதலாம் என்று தோன்றியது.

வழக்கு இதுதான். என் பெரியப்பா மத்திய அரசின் தணிக்கைப் பிரிவு ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். நாகபுரி, கல்கத்தா, கடைசியில் டெல்லி என்று மூன்று ஊர்க் குவார்ட்டர்ஸ்களில் வாழ்ந்து, 2022-ல் ஓய்வு பெற்றார். நம்மில் பலரைப் போலவே அவருக்கும் ‘ஊர்’ என்பது இரண்டாண்டுக்கு ஒரு முறை கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிற இடம். வழியில் உள்ள நாடு முழுவதையும் ஜன்னல் கம்பிகளின் ஊடாகவே பார்த்திருக்கிறார். “ஒரு தடவையாவது இறங்கிப் பார்க்க வேண்டும்” என்று 2023-ல் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கினார். ஆசனங்களைக் கழற்றி, இரண்டு படுக்கை, ஒரு சமையல் மேடை, ஒரு தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைத்தார். (இதற்குப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கிய கதை தனி மலருக்கு உரியது.) ஓராண்டு அதிலேயே வாழ்ந்து, ராஜஸ்தானம், கட்சு, மேற்குக் கடற்கரை, கேரளம் என்று சுற்றி மன்னார்குடி போய்ச் சேருவது அவர் திட்டம்.

பெங்களூரில் இருக்கும் அண்ணா, அதாவது பெரியப்பாவின் மகன், இதற்கு ஒரேயடியாகக் குறுக்கே நின்றான். அவன் சொன்ன காரணத்தை யாரும் தள்ளிவிட முடியாது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய். நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். மூன்று மாதத்து மருந்தை வண்டியில் வைத்துக்கொண்டு, நாற்பது டிகிரி வெயிலில், சுவரில்லாத வாழ்க்கையா?

இரு தரப்பும் பேசிப் பேசி ஓய்ந்த பிறகு பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “நீதான் பௌதிகம் எம்.எஸ்ஸி. படிக்கிறாயே, அம்மா. கணக்குப் போட்டுச் சொல்லு. மருந்து கெடாது என்று கணக்கு சொன்னால் போகிறோம். கெடும் என்றால் வண்டியை விற்றுவிடுகிறேன். அவனும் பேசக் கூடாது, நானும் பேசமாட்டேன்” என்றார். தேர்வுத்தாளில் வருகிற கணக்குக்கு மதிப்பெண்தான் போகும். இதற்கு இரண்டு பேருடைய ஓராண்டும், ஒருவருடைய உடம்பும் அல்லவா பணயம்!

கடையில் இதைக் கேட்டால் அரை நிமிஷத்தில் விடை கிடைக்கும். நாங்கள் இரண்டு கடைகளில் கேட்டோம். ஒருவர், “250 வாட் பேனல் போதும்” என்றார். மற்றவர், “கூரையில் இடம் இருக்கிறதே, 1,000 வாட் போடுங்கள், ஏ.சி.கூட ஓடும்” என்றார். இருவருமே பெரியப்பா என்ன சாப்பிடுகிறார், எந்த மாதம் எங்கே இருப்பார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையற்காரர் அளவெடுக்காமலே சட்டை தைத்துக் கொடுப்பது போன்ற காரியம் இது.

ஆகவே நான் கூரையை விட்டுவிட்டு உள்ளே இருந்து தொடங்கினேன். பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, விடியற்காலை முதல் படுக்கும் வரை மின்சாரம் எதற்கெல்லாம் வேண்டும் என்று கேட்டு எழுதினேன். ஒரு பொருள் இழுக்கும் வாட்டை அது ஓடும் மணியால் பெருக்கினால் வாட்-மணி. அப்படி 1,000 வாட்-மணி சேர்ந்தால் மாதச் சீட்டில் வரும் ஒரு யூனிட். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஃபிரிட்ஜ் ஒன்று, ஓடும்போது 45 வாட் இழுக்கும். ஆனால் ஓயாமல் ஓடாது. கடுங்கோடையில் நாளில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 540. இந்நாளில் வரும் சிக்கன விசிறி 28 வாட். பத்து மணி நேரத்துக்கு 280. ஐந்து வாட் விளக்கு மூன்று, நாலு மணி நேரம், 60. இருவருடைய கைப்பேசிக்கு 40. தண்ணீர்ப் பம்புக்கு 10. பெரியப்பாவின் ரேடியோவுக்கு 15. (உலகமே கைப்பேசியில் செய்தி கேட்கும்போதும் அவர் ரேடியோவை விடமாட்டார்.) மிக்ஸிக்கு 75. கூட்டினால் 1,020. வீட்டுச் சீட்டுப்படி ஒரு யூனிட்டுக்குச் சற்றே மேல். தணிக்கைக்காரரான பெரியப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “இவ்வளவுதானா குடித்தனம்?” என்று வியந்தார்.

மிக்ஸியைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மேல் 750 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் மிரளுவார்கள். சட்டினிக்கும் மிளகாய்க்கும் சேர்த்து ஆறு நிமிஷம் ஓடும் அதற்கு ஆகும் செலவு 75 வாட்-மணிதான். சத்தமே போடாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஃபிரிட்ஜ் அதைப்போல ஏழு பங்கு தின்கிறது. மிக்ஸிக்காக வேண்டியது பெரிய இன்வெர்ட்டர். பெரிய பாட்டரி அன்று. அந்த இன்வெர்ட்டரிலும் ஒரு சூது உண்டு. வேலையே செய்யாமல் ‘ஆன்’ ஆகி இருப்பதற்கு மட்டும் அது 10 வாட் அளவில் எடுத்துக்கொள்ளும். இருபத்து நாலு மணி நேரத்துக்கு 240; ஒரு விசிறிக்குப் போகிறது ஏறக்குறைய வீணாகப் போய்விடும். ஆகையால் ஃபிரிட்ஜ், விசிறி, விளக்கு எல்லாம் பாட்டரியிலிருந்து நேரே ஓட வேண்டும், மிக்ஸி சுழலும் ஆறு நிமிஷத்துக்கு மட்டும் இன்வெர்ட்டரைப் போட வேண்டும் என்று விதி செய்தோம்.

அடுப்பு விஷயத்தில் பெரியம்மாவோடு சிறு வாதம் நடந்தது. மின்சார அடுப்பு சுத்தமாக இருக்குமே என்றார். நான் காபிக் கணக்குச் சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 93 வாட்-மணி வேண்டும். எந்த அடுப்பாக இருந்தாலும் இதைக் குறைக்க முடியாது. இது தண்ணீரின் குணம். அந்தச் செலவில் கைப்பேசியை ஆறு முறை நிரப்பலாம். காபி, சோறு, குழம்பு, ரசம் என்று போனால் இன்னொரு வண்டி வேண்டும், அதன் கூரைக்காக! காஸ் அடுப்பே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கிரைண்டரை விட்டுக்கொடுக்கவில்லை. 150 வாட், முக்கால் மணி நேரம், 110 வாட்-மணிக்கு மேல். “தினமுமா அரைக்கப் போகிறேன்? வடாம் பிழிகிற மாதிரி வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, உச்சிப் பொழுதில் அரைத்துக்கொள்கிறேன்” என்றார். பாட்டரி நிறைந்து, தகடு தருவதை வாங்க ஆளில்லாத அந்த உச்சிப் பொழுதில் அரைக்கும் மாவுக்குச் செலவே இல்லை என்று நான் சொல்லிக்கொடுக்க இருந்தேன். அவர் வானத்தைப் பார்த்து வேலை வகுத்துப் பழகியவர். எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இனிக் கூரை. நாடா வைத்து அளந்ததில், காற்றுப்போக்கிக்கு விட்டது போக, தட்டையான இடம் 3.6 மீட்டருக்கு 1.5 மீட்டர், 5.4 சதுர மீட்டர். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் தருகிறது. அதை மின்சாரமாக்கும் சிலிக்கன் மின்கலத்தை 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் உலகுக்குக் காட்டியபோது, நூற்றுக்கு 6 பங்குதான் மாற்றியது. அந்த மின்கலத்தால் எங்கள் கூரை முழுவதையும் மூடினாலும் 324 வாட்தான் கிடைத்திருக்கும். இன்று சந்தையில் கிடைக்கும் தகடுகள் நூற்றுக்கு 20-க்கு மேல் மாற்றுகின்றன. 200 வாட் தகடு ஒன்று சுமார் ஒரு சதுர மீட்டரில் அடங்கிவிடுகிறது.

ஆனால் தகட்டின் முதுகில் ஒட்டியுள்ள ‘200 வாட்’ என்பது ஆய்வுக்கூடத்து மதிப்பு. 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. கோடையில் வண்டிக் கூரையில் தகடு 65 டிகிரிக்குக் காயும். ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.35 பங்கு குறையும். ஆக 14 பங்கு அங்கேயே போயிற்று. தூசி, கம்பி, பாட்டரிக்குள் போய் வரும் நட்டம் எல்லாம் சேர்த்து, எழுதியிருப்பதில் நூற்றுக்கு 65 கைக்கு வரும் என்று வைத்தேன். பெரியப்பாவுக்கு இது உடனே விளங்கிற்று. “மொத்தச் சம்பளம் வேறு, கையில் வாங்குவது வேறு” என்றார். தகடுகளைக் கூரையோடு ஒட்டாமல் நாலு விரற்கடை உயர்த்தி அமைத்தால் அடியில் காற்று ஓடும். வண்டிக்கும் குடை பிடித்ததுபோல் ஆகும்.

அடுத்தது வெயில். ஒரு நாள் முழுவதும் விழும் வெயிலை உச்சி வெயிலாகவே விழுந்ததாகச் சுருக்கினால் எத்தனை மணி நேரம் என்பதுதான் இத்துறையில் வழங்கும் அளவு. டெல்லியில் மே மாதம் தட்டையான கூரைக்கு 6.5 மணியளவு, டிசம்பரில் 3.5. ஏன் இத்தனை வேற்றுமை? டிசம்பர் 21 அன்று டெல்லியில் நண்பகலிலும் சூரியன் 38 டிகிரி உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. சாய்ந்து வரும் வெயில் தட்டைத் தகட்டில் பரந்து மெலிந்துபோகிறது. 38 டிகிரியின் சைன் 0.62. சென்னையில் அதே நாளில் சூரியன் 53 டிகிரிக்கு மேல் ஏறும், சைன் 0.80. நாம் ஜனவரியில் விடுதி மாடியில் வெயில் காய்வதும், அந்த வெயில் உறைக்காமல் இருப்பதும் இந்தச் சைன் செய்கிற வேலைதான்.

இப்போது கோடைக்குக் கணக்குப் போட்டால், 1,020 வாட்-மணிக்குச் சுமார் 240 வாட் தகடு போதும். குளிர்காலத்தில் வெயில் பாதியாகும். ஆனால் விசிறி நின்றுவிடும், ஃபிரிட்ஜும் பாதி வேலைதான் செய்யும். விளக்கு கூடுதலாக எரிந்தாலும் செலவு 500-க்கு இறங்கிவிடும். அதற்கு 220 வாட் போதும். இயற்கையே வரவையும் செலவையும் சேர்த்துக் குறைத்து நமக்கு உதவுகிறது. ஆக, முதற் கடைக்காரர் சொன்ன 250 சரிதானே என்று எண்ணத் தோன்றும்.

பெரியப்பாவின் பயணத் திட்டத்தை மாதவாரியாக எழுதிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஜூலை, கொங்கணக் கடற்கரை. அங்கே அம்மாதத்தில் சராசரியே 4 மணிக்குக் கீழே. அடைமழை பிடித்துக்கொண்ட வாரத்தில் 2-கூடத் தேறாது. செலவோ குறைவதில்லை. புழுக்கம், ஜன்னலைத் திறந்தால் சாரல், விசிறி ஓயாது, ஃபிரிட்ஜும் ஓயாது. 1,020-ஐ 2-க்கும் 0.65-க்கும் வகுத்தால் 785 வாட். ஏறக்குறைய 800! வருஷத்தில் மற்ற பதினொரு மாதத்துக்கு வேண்டியதைப்போல மூன்று மடங்கு.

இந்த இடத்தில் பெரியம்மா சொல்லிக்கொடுத்த ஒரு மாற்று வழியையும் நான் கணக்கிட்டேன். “ஃபிரிட்ஜ் நின்றுபோனால் மண்பானையில் ஈரத்துணி சுற்றி வைத்துவிடலாமே” என்றார். மருந்தைப் பற்றிய விதி இது: திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்துவிட்டால் பயன்படாது. பயன்படுத்தத் தொடங்கியதைப் பொதுவாக நாலு வாரம் வரை, 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வெளியே வைக்கலாம். இது வகைக்கு வகை மாறும். பெட்டியில் உள்ள சீட்டையும் மருத்துவரையும் கேட்டுத்தான் நடக்க வேண்டும். ஆகவே பானை, சேமித்த மருந்தைக் காக்காவிட்டாலும், கையில் உள்ள மருந்தைக் காக்குமா என்பதே கேள்வி. ராஜஸ்தானத்து வறட்டு வெயிலில், 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஆவியாதலால் 23 டிகிரி அருகே வரை குளிரச் செய்ய இடமுண்டு. பானை அங்கே கண்கண்ட தெய்வம். கொங்கணத்து ஜூலையில் காற்றே ஈரம் குடித்து நிற்கும். 29 டிகிரிக் காற்றில் பானை ஒன்றிரண்டு டிகிரிக்குமேல் குறைக்காது. வெயில் கைவிடுகிற அதே ஊரில், அதே மாதத்தில், பானையும் கைவிடுகிறது!

கணக்கில் இதுதான் உயிர்நிலை என்று எனக்குப் பட்டது. வருஷ சராசரியை வைத்து அளவு வகுக்கிறவர்கள், உதவிகள் தனித்தனியே கைவிடும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவை சேர்ந்தே கைவிடும் நாள் ஒன்று உண்டு. அந்த நாள் எந்த ஊரில், எந்த மாதத்தில் வரும் என்று தேடிக் கண்டுபிடித்து, அதற்கு அளவெடுக்க வேண்டும்.

அல்லது அந்த நாளுக்கு அந்த ஊரில் இல்லாமல் இருக்க வேண்டும். இதுதான் மலிவான வழி. நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். “ஜூலையில் தக்காணத்துக்குள் போய்விடுங்கள். புனாவைத் தாண்டினால் மழை குறைவு, 400 வாட்டில் முடித்துவிடலாம்” என்றேன். பெரியப்பா தலையாட்டினார். பெரியம்மா அதுவரை எந்த வாதத்திலும் குரலை உயர்த்தாதவர், அன்று உயர்த்தினார்.

“ராஜஸ்தானம் உங்கள் பெரியப்பா ஆசை. மன்னார்குடி அவர் ஊர். எனக்கென்று இந்தப் பயணத்தில் இருப்பது ரத்னகிரி மழை ஒன்றுதான்” என்றார்.

அவருடைய தகப்பனார் ரத்னகிரியில் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர் என்பதும், பெரியம்மா பத்து வயதுவரை அங்கே வளர்ந்தார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மழையை ஐம்பது ஆண்டுகளாக அவர் மனத்தில் வைத்திருந்தார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. மூன்று ஊர்க் குவார்ட்டர்ஸ்களில் எதையும் அவர் தேர்ந்தெடுத்ததில்லை. ஆணை வந்தது, பெட்டி கட்டினார். நான் கொங்கணத்தை மறுபடியும் திட்டத்தில் எழுதினேன். 800 வாட் என்ற எண் அப்படி வந்ததுதான்.

பாட்டரிக் கணக்கும் கொங்கணத்தையே பார்த்தது. வாரத்தின் சராசரி 2 மணி என்றால், 1 மணிக்கும் கீழே போகும் நாட்கள் அதில் இருக்கும். அவற்றைத் தாண்டப் பாட்டரி வேண்டும். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் 2,560 வாட்-மணி உண்டு. அதில் ஐந்தில் நாலு பங்கை எடுத்தால் 2,048. வெயிலே இல்லாமல் முழுக் குடித்தனத்துக்கு இரண்டு நாள். ஃபிரிட்ஜை மட்டும் காப்பாற்ற மூன்றே முக்கால் நாள். நம் வீடுகளில் இன்வெர்ட்டரோடு இருக்கிற ஈயப் பாட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். அதே அளவுக்கு 150 ஆம்பியர்-மணிப் பாட்டரி மூன்று வேண்டும். ஒவ்வொன்றும் 50 கிலோவுக்குக் குறையாது. லித்தியம் மொத்தமே 25 கிலோ அளவுதான். விலை அதிகந்தான், ஆனால் வண்டியில் 125 கிலோ என்பது இரண்டு ஆளை எப்போதும் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம்.

இருட்டுக்கு எத்தனை நாள் பாட்டரி வைப்பது என்ற கேள்வி பெரியப்பாவின் வண்டிக்கு மட்டும் உரியது அன்று. 2023 ஆகஸ்டு 23-ஆம் தேதி நிலவில் இறங்கிய சந்திரயான்-3 விக்ரமை நினைத்துப் பாருங்கள். நிலவின் ஒரு பகல், நம் கணக்கில் சுமார் 14 நாள். அந்த ஒரு பகலுக்கென்றே அது அமைக்கப்பட்டது. பதினாலு நாள் நீளும் கடுங்குளிர் இரவைத் தாங்கும் ஏற்பாட்டையும் சேர்த்தால் எடை எங்கேயோ போய்விடும். செப்டம்பரில் உறங்க வைத்தார்கள். பிறகு அது விழிக்கவில்லை. அதைத் தோல்வி என்று பேசியவர்களை நான் நம் விடுதியிலேயே கேட்டிருக்கிறேன். வேண்டிய அளவுக்கு மட்டும் வைத்த கணக்கு அது.

படகு இன்னும் கடினம். வண்டிக்கு நிற்கும்போது செலவு குறைவு, ஓடினால் எஞ்சின் உதவி. படகு வெயிலையே தின்று நகரவும் வேண்டும். 2010 செப்டம்பரில் மொனாக்கோவிலிருந்து கிளம்பி, 2012 மே மாதத்தில் உலகைச் சுற்றித் திரும்பிய ‘பிளானட்சோலார்’ என்னும் கப்பல் 537 சதுர மீட்டர் தகடு சுமந்தது. எங்கள் கூரையைப்போல நூறு மடங்கு! நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 1924-ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தால் தமிழர் எல்லாரும் அறிந்த வைக்கத்தில், 2017 ஜனவரியில் ‘ஆதித்யா’ என்னும் படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் ஏறலாம். கூரையில் 20 கிலோவாட் தகடு. பாட்டரியைக் கரையில் நின்று மின்கம்பியிலிருந்தும் நிரப்பிக்கொள்ளும். அளவறிந்த படகு.

எங்கள் வண்டிக்கும் அப்படியொரு ‘கரை’ உண்டு. டிரைவர்கள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரிலிருந்து, 30 ஆம்பியர் சார்ஜர் ஒன்றின் வழியாகப் பாட்டரிக்கு மணிக்குச் சுமார் 380 வாட்-மணி ஏற்றலாம். இரண்டே முக்கால் மணி ஓட்டினால் ஒரு நாள் குடித்தனம் நடக்கும். வெயிலும் பானையும் சேர்ந்து கைவிடும் நாளில் கைகொடுக்க இது ஒன்றே வேறு வழியில் வருகிற உதவி. அண்ணா இதைக் கேட்ட பிறகுதான் சற்று இறங்கி வந்தான்.

இன்னொரு சங்கடம் இருந்தது; இதைப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. தகட்டுக்கு வெயில் வேண்டும்; தகட்டுக்கு அடியில் இருக்கும் மனிதருக்கு நிழல் வேண்டும். ஏப்ரல் மாதத்து ஜெய்சல்மேரில் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தாமல் யார் இருப்பார்கள்? நிறுத்தினால் தகடு பட்டினி. பாதி நிழல் விழுந்தால் பாதி மின்சாரம் வரும் என்றும் எண்ண வேண்டா. தகட்டுக்குள் மின்கலங்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றும் ஆட்களைப்போல் இணைந்தவை. ஒருவர் சோர்ந்தால் வரிசை முழுவதும் அவர் வேகத்துக்கு வந்துவிடும். சோர்ந்த பகுதியை ஒதுக்கிச் செல்லத் தகட்டின் பின்புறம் டயோடுகள் வைத்திருக்கிறார்கள். அவையும் மூன்றில் ஒரு பங்கையோ இரண்டு பங்கையோ இழந்துதான் மீதியைக் காக்கும்.

ஆகவே நாலு தகடுகளில் மூன்றைக் கூரையில் அமைத்து, ஒன்றைக் கழற்றிக் கீழே வைக்கும்படி விட்டோம். பத்து மீட்டர்க் கம்பியோடு அதை வெயிலில் கொண்டுபோய்ச் சூரியனைப் பார்த்துச் சாய்த்து வைக்கலாம். 4 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பியில், போக வர இருபது மீட்டருக்கு, 10 ஆம்பியர் ஓடினால் 0.86 வோல்ட் குறையும். 200-ல் 9 வாட் போல நட்டம். தாங்கலாம். ராஜஸ்தான வெயிலில் அந்த ஒரு தகடே 840 வாட்-மணி தரும். வண்டி நிழலில், தகடு வெயிலில். மருந்தும் மனிதரும் குளிர்ச்சியில்.

2024 பிப்ரவரியில் அவர்கள் கிளம்பினார்கள். பெரியப்பா இரவுதோறும் பாட்டரி அளவுமானியைப் பார்த்து, ‘வரவு, செலவு, இருப்பு’ என்று மூன்று எண்களைக் கைப்பேசியில் எனக்கு அனுப்புவார். தணிக்கைக்காரர் கை, ஒரு நாள்கூட விட்டதில்லை. ராஜஸ்தானத்தில் அந்த எண்களில் சுவாரசியமே இல்லை. பகல் பதினொரு மணிக்கே பாட்டரி நிறைந்துவிடும். பெரியம்மா கிரைண்டரைப் போட்டுப் பக்கத்துக் கூடாரத்துக்காரர்களுக்கும் இட்லி வார்த்துக் கொடுத்தார் என்று தெரிந்தது.

ஜூலையில் ரத்னகிரிக்கு அருகே பதினொரு நாள் தங்கினார்கள். அவற்றுள் விடாமழை பிடித்த ஐந்து நாட்களின் வரவு: 640, 590, 470, 520, 610. செலவு: 1,030, 990, 960, 740, 700. நாலாம் நாள் பெரியப்பா மிக்ஸியை நிறுத்தி, ரேடியோவையும் நிறுத்தி, விசிறியைக் குறைத்திருக்கிறார் என்பது செய்தியில் எழுதாமலே எண்களில் தெரிந்தது. ஐந்தாம் நாள் இரவு, தொடலாம் என்று நான் வகுத்த 2,048-ல் இருப்பு 460-க்கு வந்துவிட்டது. ‘ஃபிரிட்ஜ் உள்வெப்பம் 5 டிகிரி. நாளைக் காலை எஞ்சின்’ என்று மட்டும் எழுதியிருந்தார். நான் அன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு வேலையும் செய்யவில்லை. ஆறாம் நாள் காலை மேகம் சற்றுக் கலைந்தது. அன்று வரவு 1,150. எஞ்சினைப் போடவில்லை.

அந்த ஐந்து நாளும் பெரியம்மா வண்டியின் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, படியில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். சாரல் உள்ளே அடித்துப் படுக்கை நனைந்ததற்குப் பெரியப்பா கோபித்துக்கொண்டார். அதுவும் அன்றைய செய்தியில், செலவுக்குக் கீழே, ஒரு வரியாக வந்தது.

மன்னார்குடிக்கு நவம்பர் கடைசியில் போய்ச் சேர்ந்தார்கள். வண்டியை விற்பார்கள் என்று அண்ணா காத்திருந்தான். பெரியம்மா லடாக் போகலாமா என்று என்னைக் கேட்டிருக்கிறார். அதுவும் குளிர்காலத்தில், உறைந்த ஆற்றைப் பார்க்க. வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் இந்த லித்தியம் பாட்டரி 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றத்தை ஏற்காது. இன்சுலினோ உறையவே கூடாது. ஃபிரிட்ஜுக்குப் பதிலாகப் பாட்டரிக்கும் மருந்துக்கும் கம்பளி போர்த்தி, இரவெல்லாம் சூடு காட்ட வேண்டும். அந்தச் சூட்டுக்கு எத்தனை வாட்-மணி ஆகும் என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.